மூளை அலைக்கும் வயது உண்டு

வலிப்பு வந்த பிள்ளையை ஜிப்மருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார்கள். தலையில் ஒயர்களை ஒட்டுவதைப் பார்த்ததும் 'கரண்ட் வைக்கிறார்களோ' என்று பதறுகிற தாய்மார்கள் நம்மில் இருக்கிறார்கள். கரண்ட் எதுவும் உள்ளே போவதில்லை. மூளை தானாகவே உண்டாக்கும் மின்சாரத்தை, அதுவும் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராததை, அந்தக் கருவி அலைகளாக வரைகிறது. 1924-இல் ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து இதைப் பதிவு செய்தார்.

விழித்தபடி கண்ணை மூடியிருக்கும்போது பின்மண்டையில் ஓர் அலை தெரியும். பெரியவர்களுக்கு அது நொடிக்குச் சுமார் 10 முறை எழும். 4 மாதக் குழந்தைக்கோ 3, 4 முறைதான். 1 வயதில் ஏறக்குறைய 6, 3 வயதில் 8, 10 வயதுவாக்கில் 10. நரம்பு இழைகளின் மேல் கொழுப்பு உறை படிந்து செய்தி விரைவாக ஓடத் தொடங்குவது இதற்கு ஒரு காரணம். பருவ வயதில் ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய அலைகள் சிறுத்துவிடுகின்றன. முதுமையில் வேகம் சற்றுக் குறையலாம்; ஆனால் விழித்திருக்கும் பெரியவருக்கு 8-க்குக் கீழே இறங்கினால் டாக்டர் காரணம் தேடுவார்.

ஒரே 6 தான். குழந்தைக்கு அது வளர்ச்சி, தாத்தாவுக்கு அது எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்த்து 'மூளை வளர்ச்சி கம்மி' என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். (பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சு நிக்காஹ் வரைக்கும் துரத்துகிறது.)

பள்ளியில் சேர்க்கக் கூட்டியோ குறைத்தோ சொன்ன வயதை அங்கே சொல்லாதீர்கள். உண்மையான பிறந்த தேதியைச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தையானால் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். முதல்நாள் இரவு பிள்ளையைக் குறைவாகத் தூங்க வைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி. ஓதிப் பார்ப்பவர்கள் பாருங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோன்பு வைக்கும் வயதுப் பிள்ளையானால், ரமலானுக்கு முன்பே மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.