புகழ்மழையும் கண்மாய்க் கரையும்

பேர்பெற்ற கலைஞரோ விளையாட்டு வீரரோ வறுமையில் இறந்தார் என்று கேள்விப்படும்போது நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்லுகிறோம். "கொடுத்து வைக்கவில்லை" என்பது ஒன்று. "கட்டிக் காக்கத் தெரியவில்லை" என்பது மற்றொன்று. முன்னது பழியை விதியின் மேல் போடுகிறது; பின்னது இறந்தவர் மேலேயே போடுகிறது. பார்த்தும் கேட்டும் கைதட்டியும் மகிழ்ந்த நமக்கு அவர்தம் வாழ்விலும் முடிவிலும் பங்கு உண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன்.

நான் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற் சீமையில் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுடையது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீரைவிட மணலையே நாங்கள் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். அந்த நீரைக் கண்மாயில் தேக்கினால்தான் பயிர் விளையும், கால்நடை பிழைக்கும். கரை உடைந்த கண்மாய்க்குப் பெருமழையும் சிறுதூற்றலும் ஒன்றே. கலைஞருக்கும் வீரருக்கும் கிடைக்கும் வருவாய் இத்தகைய பருவமழைதான். சிலர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்கும்.

முதலில் எங்கள் அண்டை ஊர்க்காரர் ஒருவர். தியாகி விசுவநாததாஸ் 1886 ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகனாக வேடம் பூண்டு மேடையேறினால் புராணப் பாட்டுக்கிடையே விடுதலைப் பாட்டும் வரும். அதற்காகப் பன்முறை சிறை சென்றார். மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்தவர்களும் உண்டு. சிறையில் இருக்கும் நாளில் நடிகனுக்கு வருமானம் ஏது? கடன் ஏறியது. 1940 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகத்தில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவர் இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டம் அவர் கடன்பட்ட நாளில் எங்கே இருந்தது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமையும் நமக்கே உண்டு.

அவர் நாளில் நாடகம் ஆடுவது எத்தகைய உழைப்பு என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். ஒலிபெருக்கி பரவாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு இரவு முழுதும் உச்சக் குரலில் பாட வேண்டும். அவ்வாறு பாடிப் புகழின் சிகரத்தை எட்டியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906 இல் பிறந்தவர். பால் மணம் மாறாத வயதிலேயே மேடை ஏறியவர். 1933 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள் அவர் காலமானபோது வயது 27. மற்றவர்கள் வாழத் தொடங்கும் வயதில் அவர் ஒரு முழு வாழ்வின் புகழையும் செலவிட்டு முடித்திருந்தார்.

அவர் துணைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் இந்த வரலாற்றில் ஒரு மாறுபட்ட பக்கம். இருபத்தைந்து வயதில் வெள்ளையுடுத்தியவர், இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935 இல் வெளிவந்த நந்தனார் படத்தில் தாமே நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953 இல் ஔவையாராக நடித்தார். 1958 இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1980 இல் மறையும்வரை மதிப்புக் குறையாமல் வாழ்ந்தார். தம் குரலுக்கு என்ன விலை என்பதைத் தாமே அறிந்து, அதைத் தாமே பேசிப் பெற்றது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இவர் தம் கரையைத் தாமே கட்டிக்கொண்டவர். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை.

எம். கே. தியாகராஜ பாகவதருக்கு அமையவில்லை. 1910 இல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர் அவர். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் தங்கத் தட்டில் உண்பார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதைபோலச் சொல்லுவார்கள். அதே 1944 இன் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947 இல் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலை பெற்றனர். சட்டம் விடுவித்தது, இழந்த பருவத்தை யாரால் திருப்பித் தர முடியும்? 1948 இல் வந்த ராஜமுக்தி ஓடவில்லை. நோய் உடலை வாட்டியது. 1959 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பாகவதர் காலமானார். வயது 49.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் விடுதலைக்குப் பின்னும் வென்றார். நாகர்கோவிலில் 1908 இல் பிறந்து, இளமையில் நாடகக் கொட்டகையில் சோடா விற்று வளர்ந்த அவர் பசியின் முகம் அறிந்தவர். ஆகையால் வந்ததைக் கொடுத்தார், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்டு 30 இல் அவர் மறைந்தபோது வயது 48. கையில் மிஞ்சியது கொஞ்சம். அவரை ஊதாரி என்பது பெரும்பிழை. அவர் நீர் வீணாய் ஓடவில்லை. பிறர் வயலுக்குப் பாய்ந்தது. ஆனால் அந்த வயற்காரர்கள் கரைக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்தார்களா என்பதே கேள்வி.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய துயரன்று. கடல் கடந்து அயர்லாந்துக்குப் போவோம். அங்கே கோவ் என்னும் துறைமுக ஊரில் 1913 இல் பிறந்தவர் ஜாக் டாயில். குத்துச்சண்டை வீரர், இனிய குரலில் பாடவும் வல்லவர், திரைப்படத்திலும் நடித்தவர். வீரரும் கலைஞரும் ஓருடலில் கூடியவர். 1933 இல் இலண்டனில் பிரிட்டிஷ் பட்டத்துக்காக மோதியபோது அவரைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். பொருள் குவிந்தது, குவிந்தபடியே கரைந்தது. 1978 டிசம்பரில் அவர் இலண்டனில் ஏழையாய் இறந்தார். உடல் சொந்த ஊருக்கு வந்தபோது தெருவெல்லாம் மக்கள் நின்றார்கள். மொழி வேறு, மதம் வேறு, நாடு வேறு. முடிவு மட்டும் நம் கதையாகவே இருக்கிறது.

விளையாட்டு வீரர் நிலை இன்னும் கடினம். பாடகர் ஐம்பதிலும் பாடலாம். வீரரின் பருவமோ முப்பதுகளிலேயே முடிந்துவிடும். தியான்சந்த் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய வளைகோற் பந்தாட்ட அணிக்குத் தங்கம் தேடித் தந்தவர். 1979 டிசம்பர் 3 இல் டில்லி மருத்துவமனையில் ஈரல் புற்றுநோயால் இறந்தார். அங்கே முதலில் பொது வார்டில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. இன்று அவர் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு நாள். 2021 முதல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது அவர் பெயரைத் தாங்குகிறது. பெயருக்குக் கிடைத்த இடம் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

புகழ் வேறொரு வகையிலும் உயிரைக் கேட்கும். பாக் நீரிணைக்கு அப்பால் வல்வெட்டித்துறையில் 1943 இல் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தனை மக்கள் ஆழிக்குமரன் என்றே அழைத்தனர். அவர் வழக்கறிஞர், பிழைப்புக்குக் குறைவில்லை. 1971 இல் தம் ஊரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, மீண்டும் நீந்தியே திரும்பினார். ஒரு சாதனை முடிந்தால் ஊர் அடுத்ததைக் கேட்கும். வீரரின் மனமும் கேட்கும். 1984 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரில் நீந்த முயன்றபோது, 41 ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். "போதும் ஐயா, நீங்கள் செய்தது போதும்" என்று சொல்லப் பழகாத கைதட்டலும் ஒருவகையில் கொடியதே.

இவற்றிலிருந்து காரணங்களைத் தொகுத்துப் பார்க்கலாம். ஒன்று, பருவம் குறுகியது. இரண்டு, பணம் மாதந்தோறும் வராமல் முன்பணமாகவும் மொத்தமாகவும் வருவதால், வளத்தின் அளவு தெரிவதில்லை. மூன்று, உடலே தொழிற்கருவி. நோய் வந்த நாளில் செலவு ஏறும்போதே வரவு நின்றுவிடும். நான்கு, புகழுக்கென்று ஒரு செலவு உண்டு. பெரியவர் என்று பெயரெடுத்தவர் கையை மூட முடியாது.

இதனோடு என் நிலையை ஒப்பிட்டுக்கொள்கிறேன். மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் என் கையில் கொடுத்தார்கள். இன்று ஓய்வூதியம் வருகிறது. நான் பாகவதரைவிடச் சிக்கனமானவன் என்பதனால் அன்று. என் விருப்பத்தைக் கேளாமலே எனக்காகக் கரை கட்டிய ஏற்பாடு ஒன்று இருந்ததனால். ஒழுக்கம் என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி, பிறர் செய்துவைத்த ஏற்பாடே.

கலைஞர்க்கும் வீரர்க்கும் அத்தகைய ஏற்பாடுகள் மெல்ல வந்திருக்கின்றன. 1952 இல் தென்னிந்திய நடிகர் சங்கம் தோன்றியது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் உண்டு. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு அரசின் ஓய்வூதியமும், விளையாடும் இளைஞர்க்கு வேலையில் ஒதுக்கீடும் உண்டு. எங்களுக்குத் தெற்கே கோவில்பட்டியில் வளைகோற் பந்தாடும் பிள்ளைகளின் பெற்றோர் ரயில்வே வேலையையும் காவல்துறை வேலையையும் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சிலர் அதைப் பேராசை என்பர். நான் அதை மழைக்கு முன் மடை பார்க்கும் அறிவு என்பேன்.

ஆனால் கரை இருந்தால் போதாது. நீர் அங்கே வந்து சேர வரத்துக்கால் வேண்டும். நான் பணியில் இருந்தபோது, முதிய ராஜபார்ட் நடிகர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பங்குனிப் பொங்கல்களில் நாற்பது ஆண்டுகள் அரிச்சந்திரனாகவும் வேலனாகவும் விடிய விடிய ஆடியவர். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, தாம் கலைஞர் என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருந்தார். ஆயிரமாயிரம் பேர் அவரைக் கண்டிருக்கிறார்கள். எழுத்தில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. கடைசியில் ஓர் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பெட்டியில், திருவிழாக் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்த பழைய நாடக நோட்டீஸ்கள் சில கிடைத்தன. ஒன்றில் அவர் படமே இருந்தது. அவற்றைக் கொண்டு விண்ணப்பம் எழுதினோம். அந்தத் தாளில் தம் இளமை முகத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய நாளில் எங்கள் கண்மாய்களுக்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. கோடையில் வீட்டுக்கொரு ஆள் மண்வெட்டியோடு போய்க் கரையைச் செப்பனிட வேண்டும். நீர் பாயும் நிலம் உடையவர் எவரும் அதற்கு விலக்கல்லர். கலையை நுகர்ந்தவருக்கும் ஆட்டத்தைக் கண்டு களித்தவருக்கும் அதே முறை பொருந்தும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. திருவிழா நடத்துவோர் கூலியை முன்னரே பேசி, ஆடிய விடியலிலேயே கொடுத்துவிடலாம். நோட்டில் நடிகர் பெயரும் ஊரும் தொகையும் எழுதி, அவருக்கும் ஒரு ரசீது தரலாம். நோட்டீஸ்களைப் பாதுகாக்கலாம். எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், வந்த கலைஞரிடம் "வாரியத்தில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்டு, இல்லையெனில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். பந்தயத்தில் ஓடும் மாணவன் பாடத்திலும் பின்தங்காதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தபின் சிலை வைப்பதும் தெருவுக்குப் பெயரிடுவதும் நல்லனவே; அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரையில் மண் கொட்டும் காலம் மழைக்கு முந்திய காலம். வரும் பங்குனியில் உங்கள் ஊர்ப் பொட்டலில் நாடக மேடை போடும்போது, ஒப்பனை கலைத்துவிட்டு விடியற்காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் அந்த மனிதரிடம் இரண்டு சொல் பேசுங்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.