கரை இறங்கும் நாள் – 6: பினாங்கில் ஒரு தெரு போதும்

கப்பல் பயணத்தில் ஊர் ஓரிடம், துறைமுகம் ஓரிடம் என்பதுதான் வழக்கம். பயணத் திட்டத்தில் பாங்காக் என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ லேம் சபாங்கில். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். கோலாலம்பூருக்கும் அப்படித்தான், கிள்ளான் துறையில் இறங்கிச் சாலை வழியே போக வேண்டும். பினாங்கு ஒரு விதிவிலக்கு. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பலைக் கட்டியதுமே மேல்தளத்திலிருந்து ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. துறைமுக வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் விக்டோரியா மணிக்கூண்டு. ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதைக் குறிக்க, வருஷத்துக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். கட்டிக்கொடுத்தவர் ஒரு சீனச் செல்வந்தர். 1902-ல் வேலை முடிந்தபோது ராணி உயிரோடு இல்லை.

இப்படி வாசலிலேயே ஊர் காத்திருக்க, கப்பலிலிருந்து இறங்கும் பலரும் நேரே சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. பினாங்கு மலை, கெக் லோக் சி பௌத்தக் கோயில் என்று கப்பலிலேயே சீட்டு விற்கிறார்கள். இரண்டும் அழகான இடங்கள்தான். ஆனால் மலை ரயிலுக்கு வரிசையில் நின்று, ஏறி, இறங்கித் திரும்புவதற்குள் பகல் பாதி போய்விடும். கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். அதை ஒரே ஒரு தெருவுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. பழைய பெயர் பிட் தெரு. இப்போது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. சும்மா நடந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தெரு. பார்த்து நடந்தால் பகல் முழுக்கப் போதாது.

வடக்கு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்கள், பச்சைப் புல்வெளி, முன்னால் பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபம். 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி நாட்டியவர் அவர். சயாமிடமிருந்து கம்பெனி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் தீவைக் கொடுத்தார். காப்பாற்ற யாரும் வரவில்லை. தேவாலயம் 1818-ல் கட்டி முடிந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அவர்கள் பெயரில் அங்கே மண்டபம் எதுவும் இல்லை.

கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது வரை நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது இந்தத் தீவோடு சேர்ந்தது. சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். அவனையும் எழுபதுக்கு மேற்பட்ட போராளிகளையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, போருக்கு முன்பு சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அவரை எதிர்த்த படையிலும் இருந்தவர். 1818-ல் அவர் பினாங்கு வந்தபோது துரைசாமியை நேரில் கண்டார். முப்பதைச் சற்றே தாண்டிய அந்த மனிதர் நொடிந்து, கிழத்தோற்றம் கொண்டிருந்ததை வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். தேவாலய வேலை முடிந்ததும் அதே வருஷம்தான். இந்தத் தூண்களின் நிழலில் நிற்கும்போது லைட்டின் மண்டபத்தை அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை.

தெற்கே நடந்தால் குவான் யின் கோயில். ஹொக்கியன்காரர்களும் கான்டனீஸ்காரர்களும் சேர்ந்து 1800 வாக்கில் எழுப்பியது. ஆள் உயர ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும். அதையடுத்துத் தமிழர்களின் பூக்கடைகள். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் மல்லிகையைச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றி முடிச்சுப் போடும் வேகம் மதுரையில் பார்த்ததேதான். ஒரு சீனப் பெண்மணி வந்து மலாயில் ஏதோ சொல்ல, கண்ணை எடுக்காமலே ஒரு மாலையை எடுத்து நீட்டினார். அது குவான் யினுக்கு. பிறகு என் பக்கம் திரும்பி, “கப்பல்லேருந்தா தம்பி? அம்மன் கோயிலுக்கு அந்தப் பக்கமா சுத்திப் போங்க, வாசல் குயின் ஸ்ட்ரீட்ல இருக்கு” என்றார்.

குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயில் 1833-ல் வந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிப் பினாங்கு வீதி. நகரத்தார் கிட்டங்கி போட்டு வட்டித் தொழில் நடத்திய வீதி இது. காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த அவர்களுடைய வெள்ளி ரதம் 1894 முதல் தைப்பூசத்துக்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிட் தெருவுக்கே திரும்பினால் குவிமாடங்களோடு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-ல் கம்பெனி கொடுத்த நிலத்தில் இதை நிறுவியவர் பரங்கிப்பேட்டை மரைக்காயர் காதர் முகைதீன். இந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராகக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தவர். இன்று நாம் பார்க்கும் முகலாயப் பாணித் தோற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. பக்கத்துச் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் சின்னதாக ஒரு தர்கா. நாகூரில் கப்பலேறியவர்கள் அவரையும் கூடவே அழைத்து வந்திருக்கிறார்கள். காதர் முகைதீன் தானாக வந்து நிலம் பெற்ற அதே ஊருக்கு, அடுத்த வருஷம் துரைசாமி விலங்கோடு வந்து இறங்கினான். இரண்டு பேரும் புறப்பட்டது ஒரே தமிழ்க் கடற்கரைப் பக்கம்தான். இந்த ஊரைப் பற்றி இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பாதீர்கள். நாசி கண்டார் இந்தத் தெருக்களில் பிறந்தது. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தோளில் காவடியாகத் தூக்கித் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி மொண்டு ஒரே சோற்றின்மேல் கலந்து ஊற்றுவார்கள். நம் ஊரில் இப்படிக் கலந்தால் சண்டை வரும். இங்கே அந்தக் கலவைதான் ருசி.

சாப்பிட்டபின் தெருவின் தென்கோடி. கூ குலத்தாரின் கொங்சி, அதாவது குலச் சங்க மாளிகை, 1901-ல் எரிந்து, 1906-ல் மறுபடி எழுந்தது. கூரை முழுக்கப் பீங்கான் பூவேலை. பக்கத்தில் பீரங்கித் தெரு. 1867-ல் சீன ரகசியச் சங்கங்கள் இரண்டு மோதிக்கொண்டபோது மலாய், இந்திய முஸ்லிம் கூட்டங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, ஊர் பத்து நாள் பற்றி எரிந்தது. பிட் தெருவை ‘நல்லிணக்கத் தெரு’ என்று சுற்றுலாப் பலகைகள் எழுதுகின்றன. இந்த ரத்தமும் இதே தெருக்களில்தான் சிந்தியது என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நடக்கும்போது ‘அஞ்சடி’யிலேயே நடங்கள். கடைவீடுகளின் முன்னால் வெயிலும் மழையும் படாமல் ஓடும் ஐந்தடி நடைபாதை அது. தரையில் பழைய பூ ஓடுகள். கதவுகளையும் பாருங்கள். பல வீடுகளில் இப்போது குடும்பம் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, தையற்காரரும் தச்சரும் குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்தார்கள். 2000-ல் சட்டம் போனது, வாடகை ஏறியது, அவர்கள் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்ததும் ஓட்டல்களும் காப்பிக் கடைகளும் வந்தன. சுவர்கள் பிழைத்தன. ஆட்கள் போய்விட்டார்கள். யுனெஸ்கோ மதித்தது அந்த ஆட்களின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான். ஒரு நாள் விருந்தாளியாக வருகிற நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம். பூக்காரம்மாவிடம் பூ வாங்கலாம், கடைவீட்டுத் தட்டானிடம், பாய் முடைபவரிடம் ஒரு பொருள் வாங்கலாம். கடலில் கால் ஊன்றி நிற்கும் சியூ குல ஜெட்டி வீடுகளுக்குப் போனால் ஜன்னல் வழியே கேமராவை நீட்டாமல் இருக்கலாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

ஜெட்டியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே நடந்தால் கப்பல் வந்துவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிடச் சொல்வார்கள், தாமதிக்காதீர்கள். முன்பு கப்பலில் இங்கே வந்தவர்களின் கதை வேறு. 1926-ல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல் 1973 வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இதே நீர்ப்பரப்புக்குத்தான் வந்தது. மேல்தளத்துச் சீட்டு, டிரங்குப் பெட்டி, பாய், தலையணை. வந்தவர்களில் பலருக்குத் திரும்பும் தேதி இருக்கவில்லை.

இன்றிரவு கப்பல் வடக்கே புக்கெட்டுக்குப் போகிறது. புக்கெட் என்றால் எல்லோரும் கடற்கரை என்பார்கள். பழைய ஊருக்குள் போனால் இதே கடைவீடுகள், இதே அஞ்சடி. பினாங்குச் சீனக் குடும்பங்கள் ஈயம் தேடிப் போய் அங்கே இன்னொரு ஜார்ஜ் டவுனையே கட்டியிருக்கின்றன. அடுத்த வாரம் அங்கே இறங்குவோம்.