சுக்கான் தண்டுக்குள் ஓர் உப்பளம்

வன்னியில் பிடித்த யானைகளை ஆழமில்லாத நீருக்குள்ளால் நடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன வழி என்பதால் ஆனையிறவு என்ற பெயர் வந்தது என்பார்கள். இன்றைக்குத் தாம்போதியில் பஸ் ஏறும்போது கண்ணில் படுவது யானையல்ல, வெள்ளை நிறம். கோடை முற்றினால் கடல்நீரேரியின் கிழக்குப் பக்கம் வற்றி, சேறு வெடித்து, அதன்மேல் உப்புப் பூக்கும்.

அந்த வெள்ளை ஓர் ஒழுங்கோடுதான் வருகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சும் கட்டத்தில்தான் கறியுப்பு மணிகட்டத் தொடங்கும். கடைசியில் மிஞ்சும் மகனீசியக் கசப்பு நீரை உப்பளத்துக்காரர் வடித்துவிடுவார்கள். வெயிலும் பரந்த பாத்தியும் இருந்தால்தான் இது நடக்கும் என்று நினைக்கிறோம். பழைய இயந்திரப் படகு ஒன்றின் பின்பகுதியான கடையாருக்குள், விரல் நுழையாத ஓர் இடுக்கிலும் இதே வேலைதான் நடக்கிறது.

அந்த இடுக்கு எல்லாப் படகிலும் இல்லை. 1990களில் போரால் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபோது, கடல்நீரேரிக் கரையிலுள்ள கிளாலியில் சனம் இரவிரவாக ஏரியைக் கடந்தது. வெளியே மாட்டும் இயந்திரத்தோடு ஓடிய படகுகளும், அவற்றின் பின்னால் கயிற்றில் இழுபட்ட படகுகளும்தான் அந்த மக்களை ஏற்றிச் சென்றன. வெளியே மாட்டும் இயந்திரத்துக்குப் படகின் அடியில் துளை வேண்டாம். இயந்திரத்தையே திருப்பினால் படகு திரும்பும். பழைய பாய்மர வள்ளத்திலும் சுக்கான் வெளியேதான், கதவு கீலில் தொங்குவதுபோலத் தொங்கும். துளை வந்தது இயந்திரம் படகுக்குள் குடியேறிய பிறகுதான். 1950களின் கடைசியில் இலங்கையின் கரைகளுக்கு வரத் தொடங்கிய மூன்றரைத் தொன் படகுகள் இந்த வகை. அரசாங்கத் தமிழில் இதற்கு உள்ளிணைப்பு இயந்திரம் என்று பெயர். நீரைத் தள்ளும் விசிறியின் தண்டுக்கு ஒரு துளை. இதன் சுக்கான் படகுக்கு அடியில் நிற்பதால், அதன் தண்டு மேலேறி வர இன்னொரு துளை.

பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கலை அடைக்கும் கலப்பத்து நம்மவருக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது, கலப்பத்துத் தெரிந்த கைகள் இருந்ததால்தானே! ஆனால் கலப்பத்து அசையாத இடத்துக்கு உரியது. சுக்கான் தண்டு திரும்ப வேண்டும், தண்ணீரும் வரக்கூடாது. இறுக்கினால் திரும்பாது, தளர்த்தினால் ஒழுகும்.

இதற்குக் கண்ட வழி 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்திலேயே இருந்தது: தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம், அதற்குள் கொழுப்பில் தோய்த்த சணல், மேலே அமுக்க ஒரு மூடி. மெக்கானிக்மார் இதைக் கிளாண்ட் என்பார்கள், உள்ளே போவது பாக்கிங் கயிறு. மேலிருந்து அமுக்கினால் கயிறு பக்கவாட்டில் பிதுங்கித் தண்டைக் கட்டிப்பிடிக்கும். இத்தனை காலத்தில் சணலுக்கும் கொழுப்புக்கும் பதில் வேறு நாரும் மெழுகும் வந்தன. சூத்திரம் மாறவில்லை.

ஒரே படகில் இரண்டு கிளாண்ட் இருந்தாலும் குணம் வேறு. விசிறித் தண்டு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுழல்வது. அந்தச் சூட்டை ஆற்ற, ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டத்தான் வேண்டும். முற்றாக இறுக்கினால் கயிறு கருகித் தண்டும் தேயும். சுக்கான் தண்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புவதோடு சரி. அதில் சூடு இல்லை, ஆகவே சொட்டவும் தேவையில்லை. முதலாவதுக்குப் பழகியவர்கள் இரண்டாவதிலும் சொட்டினால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். வினாடிக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளில் நாலு லீற்றருக்கு மேல்.

அந்தத் துளியில்தான் உப்பளம் தொடங்குகிறது. படகு கட்டிக் கிடக்கும் நாட்களில் கயிற்றில் ஊறிய கடல்நீர் காய்ந்து உள்ளே மணிகட்டும். பிறகு சுக்கானைத் திருப்பும்போது அந்த மணிகள் கயிற்றைத் தின்று, தண்டில் கோடு கீறும். கோட்டின் வழியாக இன்னும் கொஞ்சம் நீர், அது காய்ந்தால் இன்னும் கொஞ்சம் உப்பு.

உலோகத்துக்கும் இதில் பங்குண்டு. துருப்பிடியாத உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். கீறல் பட்டால் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்து அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஈரக் கயிற்றுக்குள் தேங்கிய நீரில் ஒட்சிசன் தீர்ந்துபோனால் ஆற வழியில்லை, தண்டு குழிகுழியாக அரிக்கும். ஆகவே ஓடுகிற படகைவிட, சும்மா கிடக்கிற படகின் தண்டுதான் அதிகம் கெடும். மூடியை இறுக்கும் பித்தளை ஆணிகளின் கதை வேறு. கடல்நீர் அவற்றிலுள்ள நாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செம்பைப் பொக்காக விட்டுச் செல்லும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாக மினுங்கினால் உயிருண்டு, இளஞ்சிவப்பென்றால் ஒரு திருகலில் முறியும்.

ஒழுக்குக்கு எல்லோரும் முதலில் குறை சொல்வது கயிற்றை. பல வேளை குற்றவாளி அது அல்ல. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டால் நீர் முதலில் எங்கே நனைக்கிறது என்று தெரியும். சில இடங்களில் பவுடரே வேண்டாம், வந்த வழியை உப்பு வெள்ளைக் கோடாக எழுதி வைத்திருக்கும். டீசல் படாத துளியாக இருந்தால் நாக்கில் வைத்தும் பார்க்கலாம். கரிக்காவிட்டால் அது மேல்தட்டால் இறங்கிய மழைநீர்! சுக்கானைக் கையால் பிடித்து ஆட்டினால் கடகடவென்றால் உள்ளே தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எத்தனை கயிறு போட்டாலும், ஆடும் தண்டு அதை மறுபடி அகலமாக்கிவிடும்.

கயிறுதான் என்று உறுதியானால் படகைக் கரையேற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது. நீர்மட்டத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழே 6 மில்லிமீற்றர்த் துளை ஒன்றே நிமிடத்துக்கு இரண்டரை லீற்றர் வரை உள்ளே விடும். பழைய கயிற்றை முழுவதும் கிண்டி எடுக்க வேண்டும். அடியில் கல்லாய் இறுகிய ஒரு வளையத்தை விட்டுவைத்து மேலே புதிதைத் திணிப்பதுதான் வழக்கமான சோம்பல். புதுக்கயிற்றைப் பாம்புபோலச் சுற்றி இறக்கக்கூடாது, சுற்றின் வழியே நீர் ஏறிவரும். தனித்தனி வளையமாக, முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒன்றின் பொருத்து மற்றதன் பொருத்துக்கு நேரே வராதபடி அடுக்க வேண்டும். தண்ணீர்ப் பம்புக்கு விற்கும் காரீயக் (கிராபைட்) கயிறு மலிவு என்று வாங்காதீர்கள். கடல்நீரில் காரீயம் உலோகத்தோடு மின்கலமாகச் சேர்ந்து தண்டை அரிக்கும்.

மூடியைக் கையால் இறுக்கி, சாவியால் கொஞ்சம் மட்டும் திருப்பி, சுக்கானை இரு கரைக்கும் ஆட்டிப் பார்த்து, படகை நீரில் விட்டு ஓர் இரவு போகட்டும். காலையில் டோர்ச் லைற்றோடு கடையாருக்குள் குனிந்தால், மூடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் பூத்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.