ஐப்பசி ஆற்றில் தூண்டில்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்தில் கடலோடு சேரும் களனி கங்கை நம் மலையில் பிறந்ததுதான். மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கூடித்தான் களனியாகின்றன.

ஐப்பசி வந்தால் நம் பையன்களுக்கு ஆற்றங்கரை நினைப்புத்தான். சிங்களத்தில் 'லெஹெல்லா' என்கிற பெரிய கெண்டைக்கு வாயோரம் இரண்டு சோடி மீசை. அதை வைத்தே கலங்கல் தண்ணீரிலும் அடியைத் துழாவி இரை தேடிவிடும். மழையில் பழமும் பூச்சியும் அடித்து வந்தால் அதற்கு விருந்து.

ஆனால் ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலை நம்பக்கூடாது. பின்னேரம் மேல்மலையில் இடிமழை கொட்டும். இங்கே ஒரு துளி விழாமலே ஆறு ஏறிவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் தூண்டிலை விட்டுட்டுக் கரையேறுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

இன்னொன்று. பொறுமையில்லாத சிலர் தேயிலைக்கு அடிக்கிற மருந்தை ஓடையில் ஊற்றுகிறார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி அது குற்றம். அதோடு, அம்பத்தளையில் களனித் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் குடிப்பதும் இதே ஆற்றுத் தண்ணீர்தான். அங்கே சுத்திகரிப்பாவது உண்டு. கீழ் லயத்தில் அதே ஓடையில் குடம் நிரப்புகிறவர்களுக்கு அதுவும் இல்லை.