எஞ்சின் ஒயிலை எப்பொழுது மாற்றுதல் வேண்டும்?

உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வைத்திருக்கும் கமக்காரர்களுக்கு

மாடு பூட்டி உழுத காலத்தில், வண்டிலின் அச்சுக்கு மசகிடாமல் எவரும் தூரப் பயணம் புறப்படுவதில்லை. இரும்போடு இரும்பு உராயுமிடத்தில் எண்ணெய் இல்லையாயின் தேய்வு விரைந்து வரும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று வயலைச் சேறடிப்பதும், சூடடிப்பதும், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் நீரிறைப்பதும் எஞ்சினின் வேலைகளாகிவிட்டன. அந்த எஞ்சினின் உயிர் அதன் அடியிற் கிடக்கும் சிறிதளவு ஒயிலிலேயே தங்கியிருக்கிறது.

“ஒயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?” என்பது கமக்காரர் பலர் கேட்கும் வினா. சிலர் ஒயில் கறுத்தவுடன் மாற்றுகின்றனர். அவர்களுக்குப் பணம் வீணாகிறது. வேறு சிலர், குறைந்த அளவை மட்டும் நிரப்பிக்கொண்டு, மாற்றாமலே இரண்டு மூன்று போகங்களைக் கடத்துகின்றனர். அவர்களுக்கு எஞ்சினே வீணாகிறது. சேறடிப்பின் நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்டால், திருத்தும் செலவோடு நட்டம் நின்றுவிடாது. வாய்க்காலில் நீர் வரும் முறையும் தவறும், விதைப்பும் பிந்தும், பிந்திய விதைப்பினால் விளைச்சலும் குறையும். ஆதலின் இவ்விரு தவறுகளுக்கும் இடையே சரியான காலத்தைத் தீர்மானிக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

ஒயில் செய்யும் வேலைகள்

எஞ்சின் ஒயிலுக்கு ஐந்து வேலைகள் உள. உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று தேய்வைத் தடுத்தல் முதலாவது. நீரோ காற்றோ சென்று சேரமுடியாத உட்பாகங்களின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளுதல் இரண்டாவது. பிஸ்ரன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, எஞ்சினின் அமுக்கம் குறையாமற் காத்தல் மூன்றாவது. கரியையும் அழுக்கையும் படியவிடாது தன்னுள் மிதக்கவைத்தல் நான்காவது. துருவும் அமிலமும் உலோகத்தை அரியாதவாறு காத்தல் ஐந்தாவது.

பின்னிரண்டு வேலைகளையும் ஒயிலோடு சேர்க்கப்பட்டுள்ள இரசாயனப் பொருள்களே பெரும்பாலும் செய்கின்றன. அவை வேலை செய்யச் செய்யச் செலவாகின்றன. ஒயில் அளவிற் குறையாதிருந்தாலும் குணத்திற் குறைந்துபோவது இதனாலேயே.

ஒயில் கெடுவது எவ்வாறு?

எரிபொருள் எரியும்போது கரியும், நீராவியும், அமிலத்தன்மையுள்ள பொருள்களும் உண்டாகின்றன. அவற்றுள் ஒரு சிறு பங்கு வளையங்களின் ஓரமாகக் கசிந்து ஒயிலில் இறங்குகிறது. எரியாத எரிபொருளும் அவ்வாறே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. மிகுந்த வெப்பத்தில் ஒயில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தடிக்கிறது. வளி வடிகட்டி பழுதாயின் புழுதியும் உட்சென்று, அரம்போல் நின்று உலோகத்தைத் தேய்க்கிறது. தேய்ந்த உலோகத் துகளும் ஒயிலிலேயே கலக்கிறது.

இவற்றுள் எதனையும் புதிய ஒயிலைச் சிறிது ஊற்றி நிரப்புவதால் நீக்கமுடியாது. அளவை நிரப்புதல் வேறு. ஒயிலை மாற்றுதல் வேறு.

நாளை எண்ணற்க; மணியை எண்ணுக

மோட்டார்க் காருக்குக் கிலோமீற்றர்க் கணக்கு உண்டு. வயலில் நிற்கும் எஞ்சினுக்கு அக்கணக்குப் பொருந்தாது. நீரிறைக்கும் இயந்திரம் ஓரிடத்தில் நின்றே உழைக்கிறது. உழவு இயந்திரமோ மெல்ல நகர்ந்து கடுமையாக உழைக்கிறது. ஆதலால் இவற்றுக்கு ஓடிய மணிகளே அளவுகோலாகும்.

ஓர் ஒப்பீட்டைக் காண்க. மணிக்குச் சராசரி 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார், 5,000 கிலோமீற்றரை 125 மணியில் ஓடி முடிக்கிறது. உங்கள் உழவு இயந்திரம் 100 மணி உழைப்பது, அந்தக் கார் 4,000 கிலோமீற்றர் ஓடுவதற்கு ஒப்பாகும். அன்றியும், கார் எஞ்சினில் மூன்று நான்கு லீற்றர் ஒயிலும் அதனைச் சுத்தஞ்செய்யும் வடிகட்டியும் உள. சிறிய நீரிறைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் வடிகட்டியே இல்லை. ஒயிலும் ஏறக்குறைய அரை லீற்றரே கொள்ளும். சிறிய குளம் விரைவிற் கலங்குவதுபோல், அந்தச் சிறிதளவு ஒயிலும் விரைவில் அழுக்கேறுகிறது.

பலரிடமும் உள்ள ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 என்னும் பெற்றோல் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அதன் கைநூலின்படி, புதிய எஞ்சினுக்கு முதல் 20 மணியில் அல்லது முதல் மாதத்தில் ஒயிலை மாற்றவேண்டும். அதன்பின் 100 மணிக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை, இவற்றுள் எது முந்துகின்றதோ அப்பொழுது மாற்றவேண்டும். முதல் மாற்றம் இவ்வளவு விரைவில் வருவது ஏனெனில், புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் காலத்தில் உலோகத் துகள் மிகுதியாக உதிர்கின்றது.

ஊரார் ‘லாண்ட்மாஸ்ரர்’ என்று வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சின்களுக்கும், நான்கு சக்கர உழவு இயந்திரங்களுக்கும், மணிக்கணக்கு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அயலவரின் இயந்திரக் கணக்கை உங்களுடையதற்குக் கொள்ளாது, உங்கள் இயந்திரத்தின் கைநூலிற் கூறிய கணக்கையே கொள்க. கைநூல் தொலைந்திருப்பின், இயந்திரத்தின் பெயரையும் மாதிரி எண்ணையும் விற்பனை முகவருக்குக் காட்டிக் கேட்டறிக.

மணி காட்டும் கருவி இல்லாதவர் செய்யவேண்டியது

இருவழிகள் உள. ஒன்று, சிறு கொப்பியொன்றை இயந்திரக் கொட்டிலிற் கட்டிவைத்து, நாள்தோறும் ஓடிய மணியைக் குறித்தல். மற்றொன்று, எரிபொருளைக் கொண்டு கணித்தல். தாங்கியை நிறைய நிரப்பி, இரண்டு மணி வேலை செய்து, மீண்டும் நிரப்ப எத்தனை லீற்றர் வேண்டியிருக்கின்றது என்று பாருங்கள். 3 லீற்றர் வேண்டியிருப்பின், மணிக்கு ஒன்றரை லீற்றர் செலவாகிறது. அவ்வாறாயின் 150 லீற்றர் டீசல் எரிந்ததும் 100 மணி முடிந்தது எனக் கொள்க. இம்முறையில் ஒரு நன்மையும் உண்டு. கடும் வேலையில் எரிபொருள் கூடுதலாகச் செலவாவதால், ஒயில் மாற்றும் நாளும் தானே முந்திவரும்.

நாளொன்றுக்கு 8 மணி சேறடிக்கும் இயந்திரத்துக்கு 100 மணி என்பது பதின்மூன்றாம் நாளே முடிந்துவிடும். நாளொன்றுக்கு 3 மணி ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அது முப்பத்துநான்காம் நாள் முடியும். “போகத்துக்கு ஒருமுறை மாற்றினாற் போதும்” என்பது எல்லோருக்கும் பொருந்தாது என்பது இதனாற் புலப்படும்.

கைநூலின் கணக்கைக் குறைக்கவேண்டிய நிலைமைகள்

கைநூல் கூறுவது மேல் எல்லை. பின்வரும் நிலைமைகளில் அதனை மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைத்தல் தகும்.

1. புழுதி உழவும் சூடடிப்பும். இவற்றின்போது வளி வடிகட்டியை நாள்தோறும் சுத்தஞ்செய்தலும் அவசியம்.

2. இடைவிடாத சேறடிப்பு. எஞ்சின் முழுப்பாரத்தில் உழைப்பதோடு, குளிரூட்டும் பகுதியைச் சேறு மூடிவிடுவதால் வெப்பமும் மிகும்.

3. அடிக்கடி பத்து நிமிடம், கால் மணி என இயக்கி நிறுத்துதல். எஞ்சின் நன்கு சூடேறாததால், ஒயிலிற் கலந்த நீரும் எரிபொருளும் ஆவியாகி வெளியேறா. குறைவாக ஓடும் எஞ்சினின் ஒயிலும் இதனாற் கெடலாம்.

4. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாகாது, சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச்செய்யும். ஆதலால் பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும்.

5. வளையம் தேய்ந்து புகை கக்கும் பழைய எஞ்சின்.

நிறத்தை நம்பலாமா?

டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய ஒயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். அது கெட்டதற்கு அடையாளமன்று. கரியைப் படியவிடாது தன்னுள் ஏந்திக்கொள்கின்றது என்பதற்கே அது சான்று. கறுத்தவுடன் மாற்றுவோர் நல்ல ஒயிலைக் கொட்டுகின்றனர். மறுபுறம், நிறம் தெளிவாயிருந்தும் எரிபொருள் கலந்து வலிமையிழந்த ஒயிலும் உண்டு.

ஆயினும் பின்வரும் குறிகள் கண்டால் மணிக்கணக்கைப் பாராது உடனே மாற்றுக. பால் விட்ட கோப்பிபோல் ஒயில் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. அளவுகோலில் ஒயில் தானே உயர்ந்து எரிபொருள் மணம் வீசின், எரிபொருள் கலந்துள்ளது. இருவிரலிடையே தேய்க்க மணல்போல் நறநறத்தால் புழுதி கலந்துள்ளது. தார்போல் தடித்திருப்பின் வெப்பத்தால் கெட்டுள்ளது. இந்நான்கிலும் ஒயிலை மாற்றுவதோடு அமையாது, காரணத்தையும் கண்டு நீக்கவேண்டும். உலோகத் துகள் மினுங்கக் கண்டால் எஞ்சினை இயக்காது, திருத்துநரை அழைக்கவும்.

வேலை நடுவே நாள் வந்தால்

கணக்கு 100 மணியென்றும், 85 மணி முடிந்துள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். நாளை தொடங்கி ஐந்து நாள் அயலவர் வயலில் 40 மணி கூலிக்குச் சேறடிக்கவேண்டியுள்ளது. மாற்றாது சென்றால், வேலை முடியும்போது 125 மணி ஆகிவிடும். வயல்நடுவில் மாற்றினால் சேறும் நீரும் எஞ்சினுள் விழக்கூடும். ஆதலால் இன்றே, வீட்டு முற்றத்தில் மாற்றிவிட்டுச் செல்க. 15 மணிக்குரிய ஒயிலை இழப்பது சிறு நட்டம்; கடும் வேலையில் 25 மணி மிகையாக ஓட்டுவது பெருங்கேட்டுக்கு வழி.

அதுபோல், பெரும்போக வேலை முடிந்து இயந்திரத்தைச் சில மாதம் நிறுத்திவைப்பதாயின், நிறுத்துமுன்னரே ஒயிலை மாற்றுக. பலர் அடுத்த போகம் தொடங்கும்போது மாற்றுகின்றனர். அதற்குள் பழைய ஒயிலிலுள்ள அமிலமும் நீரும் உட்பாகங்களை அரித்துவிடும். புதிய ஒயில் காவலாக நிற்க, இயந்திரம் ஓய்வெடுக்கட்டும்.

எந்த ஒயில்?

கைநூல் கூறும் தடிப்பெண்ணையும் தரத்தையும் பார்த்து, முத்திரை உடையாத கொள்கலத்தில் வாங்குக. தகரத்தில் ஏ.பி.ஐ. என்பதையடுத்து ‘சி’ என்னும் எழுத்திற் தொடங்கும் தரம் டீசல் எஞ்சினுக்கும், ‘எஸ்’ என்னும் எழுத்திற் தொடங்கும் தரம் பெற்றோல் எஞ்சினுக்கும் உரியவை. இரண்டும் குறிக்கப்பட்ட ஒயில்களும் உள. விலையுயர்ந்த செயற்கை ஒயிலை ஊற்றிவிட்டு, வடிகட்டி இல்லாத சிறு எஞ்சினை இரட்டிப்பு மணி ஓட்டலாம் என எண்ணற்க. ஒயில் சிறந்ததாயினும், சேர்ந்த அழுக்கு வெளியேற வேறு வழி இல்லை.

மாற்றும் முறை

எஞ்சினைச் சமநிலத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் இயக்கி, நிறுத்திய பின் இளஞ்சூட்டிலேயே ஒயிலை வடிக்க. சூடான ஒயில் அழுக்கையும் ஏந்திக்கொண்டு முழுதும் இறங்கும். கை சுடாதவாறு கவனிக்க. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுதல் வேண்டாம். மிஞ்சும் மண்ணெண்ணெய் புதிய ஒயிலைக் கெடுக்கும். வடிகட்டி இருப்பின் கைநூற்படி அதனையும் மாற்றுக அல்லது சுத்தஞ்செய்க. ஊற்றும் வாயைத் துடைத்துவிட்டு, கூறிய அளவே ஊற்றுக. குறைந்தால் தேய்வு; கூடினால் நுரைத்துப் புகையும் வெப்பமும் உண்டாகும். சில நிமிடம் இயக்கி நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அளவை மீண்டும் பார்த்து, திகதியையும் மணியையும் கொப்பியில் எழுதுக.

கழிவு ஒயிலைக் கிணற்றருகே கொட்டற்க

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லினுள் தேங்கிய நீரே குடிப்பதற்கும் பயிருக்கும் முக்கிய ஆதாரம். மேலே ஊற்றுவது அக்கல்லின் வெடிப்புகளூடாக எளிதிற் கீழிறங்கும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் பலரும் அறிவீர்கள். கிணற்றருகிலேயே நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒயிலை வடித்து மண்ணில் விடும் வழக்கத்தை இன்றே நிறுத்துக. வடித்ததை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, கழிவு ஒயில் ஏற்கும் வாகனத் திருத்துமிடத்திற் கொடுக்கவும். பயிருக்குத் தெளித்தலும், கால்நடையின் புண்ணுக்குப் பூசுதலும் ஆகா. கையிற் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நெடுநாள் தோலிற் படுவது நோய்க்கு ஏதுவாகும்.

நினைவிற் கொள்க

வேலை தொடங்குமுன் நாள்தோறும் ஒயிலின் அளவைப் பார்க்கவும். ஓடிய மணியை எழுதவும். கைநூலின் கணக்கைத் தாண்டவேண்டாம்; கடும் வேலையில் அதனைக் குறைக்கவும். குறைவாக ஓடிய இயந்திரத்துக்கும் கைநூல் கூறும் மாத எல்லை முடிந்தால் மாற்றவும். நிறுத்திவைக்குமுன் மாற்றவும். இவற்றுக்கு வேண்டுவன ஒரு கொப்பியும், ஒரு பென்சிலும், அரைமணி நேரமுமே. இவ்வளவு செய்வார்க்கு, வாய்க்காலில் நீர் வரும் நாளில் எஞ்சினும் ஆயத்தமாய் நிற்கும்.