செயலாய்வு: மேற்படிப்புக்கு ஒரு வழி

‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று நம் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராவியில் ஒரு தோல் பட்டறை. இருக்கும் தோலும் ஆட்களும் இவ்வளவுதான். பை எத்தனை, பெல்ட் எத்தனை தைத்தால் லாபம் அதிகம்? இதற்குக் கணிதத்தால் விடை காண்பதே செயலாய்வு. விமான நிறுவனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இந்தக் கணக்குத் தேவை. 1947இல் டான்ட்சிக் இதற்கு ‘சிம்ப்ளெக்ஸ்’ முறையை வகுத்தார். 1984இல் நரேந்திர கர்மார்கர் புதுவழி கண்டார். கர்மார்கர் படித்த நம் பவாய் ஐ.ஐ.டி.யிலேயே இத்துறையில் எம்.டெக். உண்டு. பொறியியல் பட்டதாரிகள் ‘கேட்’ தேர்வு மூலம் சேரலாம். மாத உதவித்தொகை பெறவும் வழியுண்டு. எனவே, பணத்தை எண்ணி மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பெற்றோர் தயங்க வேண்டாம். பிள்ளைகள் நிகழ்தகவையும் அணிக்கோவையையும் இன்றே நன்கு பயிலட்டும்.