நிகழ்ச்சிக்குக் காத்திருக்கும் நிரல்

முற்காலத்து நிரல்கள் தாமே கேள்வி கேட்டு, உபயோகிப்பவரை ஒரே வழியில் நடத்திச் சென்றன. 1984-இல் வெளிவந்த மாக்கின்டாஷ் கணினியோ, ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்த சித்தாந்தத்தைப் பொதுஜனங்களின் மேஜைக்குக் கொண்டுவந்து, வழியைத் தீர்மானிக்கும் உரிமையை மனிதர் கையில் ஒப்படைத்தது. அதன் நிரல், பந்தியில் இலைகளைக் கவனித்தவாறே நிற்கும் பரிமாறுபவரைப்போல, ஓயாத சுழற்சியில் காத்திருந்து, சுட்டெலியின் அழுத்தம், விசைத்தட்டு முதலிய நிகழ்ச்சிகளை வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உரிய செயற்கூற்றிடம் சேர்ப்பித்தது. ஆகாத இடத்தில் அழுத்தியவரை ஒலியெழுப்பி எச்சரிக்க, 'சிஸ்பீப்' என்ற ஒற்றைக் கட்டளை போதுமாயிருந்தது. இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு: ஒலி முடியும்வரை செயற்கூறு சுழற்சிக்குத் திரும்பாமல் நின்றால், சுழற்சியும் நின்று, திரையிலுள்ள பொத்தான்கள் யாவும் ஸ்தம்பித்துப் போகும், ஆகையால் நீண்ட ஒலியைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு, அது முடிந்த செய்தியையும் மற்றொரு நிகழ்ச்சியாகவே பெற்றுக்கொள்வதுதான் உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.